சுவரில் கட்டிய கல்லறை

அந்த றொக் பாண்டின் பெயர் இங்கே வேண்டாம். சொன்னால் பாதிப் பேர் கதையை விட்டுவிட்டு, அவர்களுடைய எந்தப் பாட்டு உசத்தி என்று சண்டைக்கு நிற்பார்கள். நாலு பேர் சேர்ந்த குழு, அரை நூற்றாண்டுக்கு முந்தியது, பாட்டுக்காரர் செத்தும் கனகாலம், ஆனால் அவருக்காகக் கண்ணீர் விட உலகத்தின் எந்த மூலையிலும் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் போதும். வடக்கு லண்டனில் ஓர் ஒடுங்கிய தெருவில் அவர்கள் பாட்டுப் பதிவு செய்த ஸ்டுடியோ இருந்தது. இப்போது அந்தக் கட்டடத்துக்குள் ஏதோ ஒரு கணக்காளர் கந்தோர். உள்ளே போனால் பிரின்டர் சத்தம்தான் கேட்கும். வெளிச்சுவர் மட்டும் இன்னமும் பாண்டுக்காரருடையது.

அதாவது, அவர்களை நேசிக்கிறவர்களுடையது. பிரேசிலில் இருந்தும் போலந்தில் இருந்தும் ஜப்பானில் இருந்தும் பிளேன் ஏறி வந்து, மார்க்கர் பேனையால் அதில் எழுதிவிட்டுப் போவார்கள். பெயர், ஊர், ஓர் இதயப் படம், பாட்டில் இருந்து ஒரு வரி. அந்தச் சுவரில் வெறும் இடம் என்று ஒன்று இல்லாமல் போய்ப் பல வருசம். ஒருவர் எழுதியதற்கு மேல்தான் இன்னொருவர் எழுதவேண்டும். அதற்காக ஒருவரும் கோபிப்பதில்லை. அங்கத்தைய வழக்கம் அது. கட்டடச் சொந்தக்காரர் ஆரம்பத்தில் அழித்து அழித்துப் பார்த்துவிட்டுப் பிறகு கைகழுவி விட்டாராம்.

தெற்கு லண்டனில் மோர்டனில் இருக்கும் றெஜினோல்ட்டுக்கு அந்தச் சுவர் என்றாலே ஆகாது. மன்னாரில் பிறந்து, வாழ்நாளில் பாதியை லண்டன் பஸ்ஸின் ஸ்டியரிங்குக்குப் பின்னால் கழித்த மனுசன். ஞாயிறு பூசை தவறாது, சிகரெட் கிடையாது, விசேசங்களில் மட்டும் கொஞ்சம் பிராந்தி. தன் மகன் றொமேஷுக்கு எங்கிருந்து அந்தப் பைத்தியம் தொற்றியது என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. கோயில் பாடகர் குழுவில் வாசிக்கட்டும் என்று ஆசையாக வாங்கிக் கொடுத்த கிற்றாரை வைத்துக்கொண்டு, அவன் அறையைப் பூட்டிவிட்டு வீடே அதிர அடித்தான். தகப்பனும் மகனும் அந்த வீட்டில் பேசிக்கொண்டதில் முக்கால்வாசி, சத்தத்தைக் குறை, குறைக்க ஏலாது என்கிற வழக்குத்தான்.

றொமேஷ் இருபத்திரண்டு வயதில் மூளைக்குள் இரத்தம் கசிந்து செத்துப்போனான். காலையில் தலையிடிக்கிறது என்றான், பின்னேரம் ஆள் இல்லை. அது நடந்து மூன்று வருசம் ஆகிறது.

அவன் அந்தச் சுவரில் எழுதியது அதற்கு முந்திய கோடையில். தாய் மேரிறோஸ் வெம்பிளிக்குச் சாமான் வாங்கக் காரை எடுத்தபோது அவனும் ஏறிக்கொண்டான். ஏன் இந்தப் பெடியன் புடவைக்கடைக்கு வருகிறான் என்று அவளுக்குத் திரும்பும் வழியில்தான் விளங்கியது. "அம்மா, அஞ்சே நிமிசம்" என்று கெஞ்சிக் கூத்தாடி அந்தத் தெருவுக்குள் காரை விடவைத்தான். நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்திவிட்டு, அபராதம் எழுதுகிறவன் வந்துவிடுவானோ என்ற பயத்தில் மேரிறோஸ் விடாமல் ஹோர்ன் அடித்தாள். அவன் ஓடிப்போய், மழைத்தண்ணிக் குழாய்க்குப் பக்கத்தில், முழங்கால் உயரத்தில், யாரோ எழுதியிருந்ததற்கு மேல் எதையோ கிறுக்கிவிட்டுச் சிரித்துக்கொண்டே ஓடிவந்தான். எழுதியது இங்கிலீசில். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "றொமேஷ், மோர்டன். அம்மா காருக்குள்ள பாத்துக்கொண்டிருக்கிறா. போகோணும்."

மேரிறோஸுக்கு அந்த பாண்டின் ஒரு பாட்டும் தெரியாது. ஆனாலும் வருசத்தில் மூன்று நாலு தரம் நோர்தேர்ன் லைன் ரெயின் பிடித்துப் போய், அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் குந்தி இருந்து, மகனுடைய எழுத்தை விரலால் தடவிவிட்டு வருவாள். கோழி கிளறின எழுத்து அவனுடையது. ஒரு சொல் மேலே ஏறும், அடுத்தது கீழே இறங்கும். பள்ளிக்கூடத்தில் அதற்காகவே ஆசிரியர்களிடம் வாங்கிக் கட்டினவன்.

றெஜினோல்ட் ஒருநாளும் கூடப் போனதில்லை. "செத்த பிள்ளைக்குச் சேமக்காலை இருக்கு, கோயில் இருக்கு. கண்டவன் நிண்டவன் கிறுக்கின செவருக்கு முன்னால போய் என்னத்துக்கு நிக்கிறாய்?" என்று ஒருமுறை கேட்டார். அதற்குப் பிறகு மேரிறோஸ் போகும்போது சொல்லிவிட்டுப் போவதில்லை. திரும்பி வந்தவளின் முகத்தைப் பார்த்து அவராகத் தெரிந்துகொள்வார்.

இந்த வருசம் செப்டெம்பர் கடைசியில் அப்படிப் போய் வந்தவள், கோட்டைக்கூடக் கழற்றாமல் குசினிக் கதிரையில் இருந்துவிட்டாள்.

"என்னப்பா, என்ன நடந்தது?" என்றார் றெஜினோல்ட்.

"அழியுது. ஆரோ சிவப்பில பெரிய ஹார்ட் ஒண்டு ஸ்பிறே அடிச்சு வச்சிருக்கு. அவன்ர பேரில பாதி மறைஞ்சு போட்டுது. இன்னும் ரெண்டு பேர் எழுதிச்சினமெண்டா ஒண்டும் மிஞ்சாது."

"போனில படம் எடுத்து வச்சிருக்கிறாய்தானே."

"படத்தைத் தடவ ஏலுமே?"

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அன்றைக்கு அவள் அழுத அழுகை, பெட்டியைக் குழிக்குள் இறக்கின அன்றுகூட அழாத அழுகை.  றெஜினோல்ட்டுக்குத் தான் அந்தச் சுவரைப் பழித்துச் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்து குத்தியது. இவளுக்கு ஏதாவது செய்யவேண்டும், அதுவும் நவம்பருக்கு முன்னம் செய்யவேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

நவம்பர் இரண்டாந் திகதி மரித்தவர்களின் நாள். மன்னாரில் அது வருவதற்கு ஒரு கிழமை முன்னமே ஆம்பிளைகள் சுண்ணாம்பு வாளியோடு சேமக்காலைக்குப் போய்விடுவார்கள். ஒவ்வொரு குடும்பமும் தங்கள் கல்லறைக்கு வெள்ளை அடிக்கவேண்டும். பழைய எழுத்தை முழுக்க வெள்ளைக்குள் மறைத்துவிட்டு, அதே பெயரை அதே இடத்தில் கறுப்பு மையால் புதிதாக எழுதவேண்டும். போன வருச எழுத்து எங்கே என்று ஒருவரும் கேட்டதில்லை. கல்லறை எவ்வளவு பளிச்சென்று இருக்கிறதோ அவ்வளவுக்குச் செத்தவர் மேல் பாசம். பாசி பிடித்த கல்லறை அந்தக் குடும்பத்துக்கே மானக்கேடு. றெஜினோல்ட்டின் கையெழுத்து அச்சில் வார்த்த மாதிரி இருக்கும் என்பதால், இளந்தாரியாக இருந்தபோது அயல் வீட்டுக் கல்லறைகளுக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

லண்டனில் இதற்கெல்லாம் வழியில்லை. றொமேஷின் கல்லறை கறுப்புக் கிரனைட். எழுத்தை மெஷின் வெட்டியிருக்கிறது, தங்கப் பூச்சும் மெஷின்தான் போட்டது. பெயின்ற் அடிக்கக்கூடாது, சுற்றிக் கட்டுக் கட்டக்கூடாது, செடி இவ்வளவு உயரத்துக்கு மேல் வளரக்கூடாது என்று வாசலில் பெரிய பலகை வேறு. ஈரத் துணியால் இரண்டு இழுப்பு இழுத்தால் வேலை முடிந்தது. மகனுக்குத் தன் கையால் ஒன்றுமே செய்யக் கிடைக்கவில்லை என்பது றெஜினோல்ட்டுக்கு மூன்று வருசமாக உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. யாரிடம் போய் இதைச் சொல்வது? கல்லறைக்கு வெள்ளை அடிக்க விடுகிறார்கள் இல்லை என்று பஸ் டிப்போவில் சொன்னால் சிரிப்பார்கள்.

யோசனை அவருக்கு ரூட்டிங் சந்தியில் சிவப்பு விளக்குக்குப் பஸ்ஸை நிறுத்தியிருந்தபோது வந்தது. வந்ததும் அது எப்படி இவ்வளவு நாளும் தோன்றாமல் போனது என்று ஆச்சரியமாகப் போய்விட்டது. பச்சை விழுந்து, பின்னால் நின்ற வான்காரன் ஹோர்ன் அடித்த பிறகுதான் காலை பிறேக்கில் இருந்து எடுத்தார்.

ஒக்டோபர் கடைசிக் கிழமையில், தன் லீவு நாளில், மேரிறோஸ் வேலைக்குப் போனபிறகு புறப்பட்டார். வெளிச்சுவருக்கு அடிக்கிற வெள்ளைப் பெயின்ற் ஒரு வாளி, கறுப்பு எனாமல் ஒரு டின், அகலத் தூரிகை, மெல்லிய தூரிகை, கோடு பிடிக்க நேரான சட்டம் ஒன்று, பிளாஸ்கில் தேத்தண்ணி. எழுத்து இருக்கும் இடம் தெரியாதென்பதால், மகள் துசியந்தியிடம் கேட்டுத் தாயின் போன் படத்தை எடுத்து வைத்திருந்தார். "ஏன் டாட், அங்கே போகப்போறீங்களா?" என்று அவள் இங்கிலீசில் கேட்டதற்கு, "சும்மா பாக்க" என்று மழுப்பிவிட்டார். டிப்போ மஞ்சள் ஜக்கெற்றையும் போட்டுக்கொண்டார். லண்டனில் மஞ்சள் ஜக்கெற் போட்டுக்கொண்டு வாளியோடு நிற்கிறவனை இங்கே என்ன செய்கிறாய் என்று ஒரு குருவியும் கேட்காது.

குழாயைக் கண்டுபிடித்து, குனிந்து, மகனுடைய எழுத்தை முதன்முதலாக நேரில் பார்த்தார். பார்த்ததும் அவருக்கு வந்தது அழுகை இல்லை, எரிச்சல். இவ்வளவு பெரிய சுவரில் வேறு இடம் கிடைக்கவில்லையா இவனுக்கு? நாய் காலைத் தூக்குகிற உயரத்தில் போய் எழுதியிருக்கிறான். பெயரின் முன்பாதியைச் சிவப்பு இதயம் விழுங்கியிருந்தது. மிச்சத்துக்கு மேல் பாப்லோ என்று யாரோ ஒருவன் வாலைச் சுழித்துக் கையொப்பம் வைத்திருந்தான். அம்மா காருக்குள் இருக்கிற சங்கதி மட்டும் ஒருவாறு வாசிக்கக்கூடியதாக இருந்தது.

அந்த வசனத்தையும் திருப்பி எழுதுவதா என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டார். செத்துப்போன பிள்ளையின் பெயருக்குக் கீழே யாராவது காரைப் பற்றி எழுதுவார்களா? ஊர் சிரிக்கும்.

அகலத் தூரிகையைத் தோய்த்து, மேலிருந்து கீழே இழுத்தார். பாப்லோ போனான். இதயம் போனது. மகனுடைய பெயருக்கு வந்தபோது கை தானாக நின்றது. சின்ன வயதில் அவனுடைய முகத்துக்குப் பவுடர் பூசும்போது கண்ணை மூடு என்று சொல்லிவிட்டுப் பூசுவார். அந்த மாதிரி ஒரு கணம் பொறுத்து, பிறகு பூசினார். இரண்டு தரம் பூசி, காயும்வரை நடைபாதைக் கல்லில் குந்தி இருந்து தேத்தண்ணி குடித்தார்.

ஒரு கதவு அளவுக்கு வெள்ளைக் கட்டம் பளிச்சென்று எழும்பியது. அதைச் சுற்றிக் கறுப்பில் கரை இழுத்தார். உச்சியில் சிலுவை. அதற்குக் கீழே தமிழில் றொமேஷ் என்று பெரிதாகவும் இங்கிலீசில் கொஞ்சம் சின்னதாகவும் எழுதினார். மலர்வு என்று போட்டுப் பிறந்த திகதி, உதிர்வு என்று போட்டு இறந்த திகதி. அடியில், இறைவனில் இளைப்பாறுக. கை இன்னும் மறக்கவில்லை. எட்ட நின்று பார்த்தபோது, தான் எழுதினதிலேயே இதுதான் திறமான எழுத்து என்று அவருக்குப் பட்டது. கண் கலங்கியது. இனி ஒருவரும் இதில் கைவைக்க மாட்டார்கள்.

அது உண்மை என்பதை அங்கேயே கண்டார். தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது, பாண்டின் படம் போட்ட பெனியனோடு ஒரு சோடி வந்தது. பெட்டை மார்க்கரைத் திறந்துகொண்டு கிட்ட வந்தவள், திகதிகளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். "யார்?" என்று மெதுவாகக் கேட்டாள். "என்னுடைய மகன்" என்றார். அவள் பேனையை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு, ஐ ஆம் சொறி என்று முணுமுணுத்து, பெடியனையும் இழுத்துக்கொண்டு சுவரின் மற்ற முனைக்குப் போய்விட்டாள். மரியாதை தெரிந்த பிள்ளைகள் என்று றெஜினோல்ட் நினைத்துக்கொண்டார்.

நவம்பர் இரண்டாந் திகதி சேமக்காலையில் சுவாமி வந்து கல்லறைகளுக்குத் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். பங்கு மக்கள் எல்லாரும் தங்கள் தங்கள் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்திச் செபம் சொன்னார்கள். துசியந்திக்கு ஆஸ்பத்திரியில் ஷிப்ட், அதனால் புருசனும் பெண்சாதியும் மட்டும்தான். எல்லாம் முடிந்து வெளியே வரும்போது றெஜினோல்ட் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வா, அந்தச் செவரடிக்கும் ஒருக்காப் போட்டு வருவம்" என்றார்.

மேரிறோஸ் நின்று அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆர், நீங்களோ?"

"ஓம். நான் வந்தா என்ன, செவர் விழுந்திடுமோ?"

ரெயினில் அவள் கதைத்துக்கொண்டே வந்தாள். அன்றைக்குக் காரில் நடந்ததெல்லாம் சொன்னாள். அவன் புடவைக்கடையில் கொட்டாவி விட்டது, பேனையைக் காற்சட்டைப் பைக்குள் ஒளித்து வைத்திருந்தது, திரும்பி ஓடி வரும்போது குப்பைத் தொட்டியில் முட்டிக்கொண்டது. அவள் இப்படிக் கதைத்து எவ்வளவு காலம்! கென்னிங்டனுக்குக் கிட்ட வரும்போது அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். சொல்லிவிடுவோமா என்று அவருக்கு வாய் துறுதுறுத்தது. கண்ணால் கண்டு சந்தோசப்படட்டும் என்று அடக்கிக்கொண்டார். உள்ளுக்குள் மனுசனுக்குக் கலியாண வீட்டுக்குப் போகிற புளுகம்.

தெருமுனையிலேயே வெள்ளைக் கட்டம் தெரிந்தது. மேரிறோஸ் அதைக் கவனிக்காமல் குழாயைப் பார்த்துக்கொண்டு விறுவிறென்று நடந்தாள். கிட்டப் போனதும் நின்றாள். றெஜினோல்ட் ஓரடி பின்னால் நின்று, அவள் திரும்பி ஒரு சொல் சொல்லுவாள் என்று காத்திருந்தார். அவள் திரும்பவில்லை. குந்தி இருந்து, வெள்ளைக்கு மேல் விரலை வைத்து, குழாய் ஓரமாக அங்குமிங்கும் தேடினாள்.

"எங்க?" என்றாள்.

"என்ன எங்க?"

"அவன் எழுதினது எங்க?"

"இதுதானேயப்பா. அதைத்தான் நான் வடிவாத் திருப்பி எழுதியிருக்கிறன். இனி ஒருத்தரும் தொடமாட்டினம். மழை வெயிலுக்கும் போகாது, நல்ல பெயின்ற்."

"நீங்களோ?" அவள் குரல் ஒரு மாதிரியாக வந்தது. "நீங்களோ அழிச்சனீங்கள்?"

நகத்தால் சுரண்டினாள். வெள்ளை அசையவில்லை. றெஜினோல்ட் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. வீட்டுத் திறப்பை எடுத்து அதன் முனையால் உரித்துப் பார்த்தாள். வெள்ளையோடு சேர்ந்து கீழே இருந்ததும் பொடியாக உதிர்ந்தது. அதற்குப் பிறகுதான் அவள் எழும்பி அவரைப் பார்த்தாள். 

"இப்பதானே ஒரு கல்லறையில மெழுகுதிரி கொளுத்திப்போட்டு வாறம்," என்றாள். "அங்க அவன் செத்தவன். சரி, அதை நான் ஏற்றுக்கொண்டிட்டன். ஆனா இஞ்ச அவன் சாகேல்லை. இஞ்ச அவன் எழுதிப்போட்டுக் காருக்கு ஓடி வந்துகொண்டிருக்கிறான். நான் பாத்துக்கொண்டிருக்கிறன். அதுக்குத்தான் நான் இஞ்ச வாறனான், விளங்குதே? நீங்கள் இஞ்சயும் கொண்டுவந்து அவனைத் தாட்டுப்போட்டீங்கள்."

  றெஜினோல்ட் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தார். அவர் வெள்ளை அடித்து ஒரு கிழமைதான். அதற்குள் எத்தனையோ பேர் வந்து போயிருக்கிறார்கள். புதுப் பெயர்கள், புது இதயங்கள், பாட்டு வரிகள் எல்லாம் நாலு பக்கத்தாலும் நெருக்கியடித்துக்கொண்டு அவர் இழுத்த கறுப்புக் கரை வரைக்கும் வந்து நின்றன. கரைக்குள் ஒரு புள்ளிகூட இல்லை. மரியாதை என்று அன்றைக்கு நினைத்தாரே, அது இதுதான். செத்த வீட்டைக் கண்ட சனம் குரலைத் தாழ்த்திக்கொண்டு மற்றப் பக்கத்தால் போகிற மாதிரி எல்லாரும் அவனைச் சுற்றிக்கொண்டு போயிருந்தார்கள். கூட்டம் என்றால் உயிரை விடுகிற பெடியன். இவ்வளவு சனத்துக்கு நடுவில் அவனை மட்டும் தனியே இருத்திவிட்டிருந்தார்.

"மேரி," என்றார். "நான் அழிச்சுப்போட்டன்."

அவள் திறப்பில் ஒட்டியிருந்த வெள்ளைப் பொடியைத் துடைத்தாள்.

"பிழை என்ரைதான். வடிவா இருக்கட்டும் எண்டுதான் செய்தனான். எனக்கு வேற ஒண்டும் செய்யத் தெரியேல்லை." மகனுடைய அடக்கத்தில் வந்தவர்களுக்கெல்லாம் கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து, ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் நின்ற மனுசன், நடுத்தெருவில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார்.

மேரிறோஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கோபம் போகவில்லை. இன்னும் கன நாளுக்குப் போகப்போவதும் இல்லை. ஆனால் அவர் இப்படி அழுது அவள் ஒருநாளும் கண்டதில்லை. கைலேஞ்சியை எடுத்து அவருடைய கைக்குள் திணித்தாள்.

பக்கத்தில் ஒரு நடுத்தர வயசுப் பெண், முதுகுப்பையோடு, எழுத இடம் தேடிக்கொண்டு நின்றாள். வெள்ளைக்காரி, ஆனால் இந்த நாட்டுக்காரி இல்லை என்பது அவள் இங்கிலீசில் தெரிந்தது. ஏதும் உதவி வேண்டுமா என்று கேட்டாள். மேரிறோஸ் அவளுடைய கையில் இருந்த மார்க்கரைக் காட்டி, கொஞ்சம் தரமுடியுமா என்று வாங்கி, அதைப் புருசனிடம் நீட்டினாள்.

"எழுதுங்கோ."

"என்னத்தை எழுதுறது? அவன் எழுதின மாதிரி எனக்கு எழுத வராது."

"அவன்ர மாதிரி எழுத வேண்டாம். அது அழிஞ்சு போட்டுது. அண்டைக்கு நீங்களும் எங்களோட காரில வந்திருந்தீங்களெண்டா அவனுக்கு என்ன சொல்லியிருப்பீங்கள்?"

றெஜினோல்ட் மூக்கைச் சிந்திவிட்டு யோசித்தார். நல்லதாக ஏதாவது சொல்லத்தான் ஆசை. ஆனால் மேரிறோஸுக்கு முன்னால் பொய் எடுபடாது. "ஏசியிருப்பன்," என்றார்.

"என்னெண்டு?"

"வேலைவெட்டி இல்லையோடா உனக்கு எண்டு."

"அதை எழுதுங்கோ."

"இதிலயோ? சிலுவைக்குக் கீழயோ?"

"உயிரோட இருக்கிற பிள்ளையைத்தான் ஏசலாம். எழுதுங்கோ."

அவர் முதலில் உதிர்வு என்ற சொல்லை வெட்டினார். பிறகு அதற்குப் பக்கத்தில் இருந்த திகதியை, ஒவ்வொரு இலக்கமாக, வாசிக்க ஏலாத அளவுக்கு வெட்டினார். இளைப்பாறுக என்பதையும் வெட்டினார். ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் அமர்ந்து, கோடும் இல்லாமல் சட்டமும் இல்லாமல் எழுதினார். "வேலைவெட்டி இல்லையோடா உனக்கு? கொம்மா எவ்வளவு நேரமாப் பாத்துக்கொண்டிருக்கிறா. கெதியா வீட்டை வா." எழுதி முடித்தும் அவர் எழும்பவில்லை. கொஞ்சம் பொறுத்து, கீழே டாடி என்று போட்டார்.

முதுகுப்பைக்காரி அந்த வட்ட வட்ட எழுத்தை ஆச்சரியமாகப் பார்த்தாள். பாண்டின் பாட்டு ஒன்றை உங்கள் மொழியில் எழுதியிருக்கிறாரா என்று கேட்டாள்.

"இல்லை," என்றாள் மேரிறோஸ் இங்கிலீசில். "எங்கள் மகனை ஏசுகிறார்."

முதுகுப்பைக்காரி வாய்விட்டுச் சிரித்தாள். தன்னுடைய தகப்பனும் இந்த பாண்டுக்காக எத்தனையோ தரம் ஏசியிருக்கிறார் என்றாள். பிறகு மார்க்கரைத் திருப்பி வாங்கிக்கொண்டு, பக்கத்தில் எழுதலாமா என்று கேட்டாள். றெஜினோல்ட் நிலத்தில் இருந்தபடியே நகர்ந்து இடம் விட்டார். அவள் அவருக்குப் பக்கத்தில் குந்தி, கறுப்புக் கரைக்கு உள்ளே, தன் பெயரையும் ஊரையும் எழுதினாள்.